செப்புத் தகடும் சில முகங்களும்

என் அறையின் நூலடுக்கில் முதுகு கிழிந்த ஆங்கில வரலாற்று நூல் ஒன்று இருக்கிறது. 1991ஆம் ஆண்டு, ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், பழைய புத்தகக் கடையொன்றில் இரண்டு வெள்ளி கொடுத்து அதை வாங்கினேன். வரலாற்றின்மீது கொண்ட காதலால் வாங்கினேன் என்று சொன்னால் அது பொய்யாகும். அதிலிருந்த படங்களே என்னை ஈர்த்தன. இங்கிலாந்து நாட்டு மன்னர், அரசியர், அமைச்சர், புலவர் ஆகியோரின் உருவங்கள், பக்கத்துக்கு ஒருவராக, உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பெற்றிருந்தன. விடுதிக்கு வந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியபோதுதான் ஏழு படங்கள் இல்லாமை தெரிந்தது. அவை கிழிந்து போனவை அல்ல. யாரோ கூரிய கத்தியால் அளந்து வெட்டி எடுத்திருந்தார்கள். தையலோரத்தில் விரற்கடை அகலத்துக்குத் தாளின் விளிம்பு மட்டும் எஞ்சியிருந்தது. அந்த விளிம்புகள் எனக்குக் கற்பித்த பாடத்தைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

செதுக்குபடம் என்பது யாது? மெருகேற்றிய செப்புத் தகட்டின்மீது கூரிய உளியை உள்ளங்கையால் தள்ளிக் கோடு கோடாகப் பள்ளம் வெட்டுவார்கள். வெட்டி முடித்தபின் தகடு முழுவதும் மையைப் பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். மேடு தூய்மையாகிவிடும்; பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் இட்டு, இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தி ஓட்டினால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வரும். மரப்பலகை அச்சில் மேடு பேசும். செப்புத் தகட்டில் பள்ளம் பேசும். நம் முன்னோர் ஓலையை எழுத்தாணியால் கீறி, கரிமையைத் தடவித் துடைத்து எழுத்தைத் துலங்கச் செய்ததும் ஏறக்குறைய இதே முறைதானே!

சாம்பல் நிறம் என்ற ஒன்று இக்கலையில் இல்லை. கன்னத்தின் மென்மையும் கண்ணின் ஒளியும் கழுத்தின் நிழலும் கோடுகளின் நெருக்கத்தாலும் தடிப்பாலுமே தோன்ற வேண்டும். குளோட் மெல்லான் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1649இல் இயேசுநாதரின் முகத்தை, மூக்கின் நுனியில் தொடங்கிச் சுழன்று சுழன்று செல்லும் ஒரே கோட்டால் செதுக்கிக் காட்டினார். கோடு தடிக்கும் இடத்தில் நிழல். மெலியும் இடத்தில் ஒளி. அவ்வளவுதான் சூட்சுமம்.

இக்கலையை நாம் நாள்தோறும் சட்டைப்பையில் சுமக்கிறோம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1967 முதல் நம் நாட்டுப் பணத்தாள்களில் இடம்பெற்றுவரும் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான் அவர்களின் திருவுருவத்தை, ஒரு பத்து வெள்ளித் தாளில் விரல்நுனியால் தடவிப் பாருங்கள். மை சற்றே புடைத்திருப்பதை விரல் உணரும்.

பயிற்சிக் கல்லூரியில் கலைக்கல்வி வகுப்பின்போது, லினோத் தகட்டில் என் பெயரைச் செதுக்கினேன். அச்சிட்டபோது எழுத்துகள் யாவும் இடவலம் மாறி என்னைப் பார்த்து நகைத்தன. செதுக்குபவன் எல்லாவற்றையும் தலைகீழ் வலமாகவே எண்ண வேண்டும் என்பது அன்று புரிந்தது. அன்றிரவு எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது. அவர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் கையிலும் ஓர் உளி இருந்தது. பட்டையில் சாய்கோடாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வாராது. மிகுந்தால் மரம் காயப்படும். மயிரிழை அளவில் ஆழம் அறிந்த கை அவருடையது. எந்தச் செப்புத் தகட்டுக் கலைஞனும் அந்தக் கையை மதித்திருப்பான்.

புகழ்பெற்ற செதுக்குபடங்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஓர் ஐயம் என்னுள் வளர்ந்தது. இம்முகங்கள் உண்மையானவையா?

செருமானியக் கலைஞர் ஆல்பிரெக்ட் டியூரர் 1526இல் பேரறிஞர் எராசுமசைச் செதுக்கினார். அவரை நேரில் கண்டு ஓவியம் வரைந்திருந்தது அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பு. அப்படத்திலேயே, இவரது எழுத்துகள் இவரை இதனினும் நன்றாகக் காட்டும் என்ற கருத்துப்படக் கிரேக்க மொழியில் ஒரு தொடரைப் பொறித்தார். சேக்சுபியரின் நாடகத் தொகுதி 1623இல் வெளிவந்தபோது அதன் முகப்பை அணிசெய்தது மார்ட்டின் டிரோசவுட் செதுக்கிய படம். கவிஞர் மறைந்தோ ஏழாண்டுகள் ஆகியிருந்தன. எதிர்ப்பக்கத்தில் பென் ஜான்சன், படத்தைப் பார்க்காதீர், நூலைப் பாருங்கள் என்ற பொருளில் வாசகருக்கு அறிவுரை கூறியிருக்கிறார். எனினும், சேக்சுபியர் என்றதும் இன்று நம் மனக்கண்முன் நிற்பது அந்த முகமே அன்றோ?

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் பியேர் லோம்பார் என்பவர், வான் டைக் வரைந்த சார்லசு மன்னரின் குதிரையேற்ற ஓவியத்தைத் தழுவி ஒரு தகட்டைச் செதுக்கினார். அத்தகட்டிலிருந்து எடுத்த ஒரு படியில் குதிரைமேல் இருப்பவர் குரோம்வெல். மற்றொரு படியில் தலையே இல்லை. வேறொரு படியில் சார்லசு மன்னர்! குதிரையும் கவசமும் அப்படியே இருக்கின்றன. ஆட்சி மாறத் தலை மட்டும் மாறுகிறது. 1649இல் மன்னரின் தலையைக் கொய்தவர்களுள் முன்னின்றவர் குரோம்வெல் என்பதை எண்ணும்போது, இந்த வேடிக்கை சற்றே கசக்கவும் செய்கிறது. செம்பைச் சுரண்டித் தேய்த்தால் பழைய முகம் மறையும். புதிய முகத்தை ஏற்றலாம்.

தாமசு பிர்ச் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளுடன் 1743 முதல் வெளிவந்த பிரித்தானியச் சான்றோர் படத்தொகுதிக்குப் பெரும்பாலான உருவங்களைச் செதுக்கியவர் ஆம்சுடர்டாமில் வாழ்ந்த ஹவுபிராக்கன். அவரது வேலைத்திறம் ஒப்பற்றது. ஆனால், தமக்கு அனுப்பப்பட்ட ஓவியம் உரியவருடையதுதானா என்று ஆராயாமல் அவர் செதுக்கிவிட்டார் என்று ஓராசு வால்போல் பின்னாளில் குறைகூறினார். திறமான கை பொய்ம்முகத்தையும் மெய்ம்முகம்போல் ஆக்கிவிடும்! நம் வகுப்பறைச் சுவரிலிருந்து நம்மை நோக்கும் திருவள்ளுவரும் ஓவியர் வேணுகோபால் சர்மா தம் உள்ளத்தில் கண்டு வரைந்தவரே. வள்ளுவரை நேரில் கண்டு வரைந்த படம் ஏதும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அம்முகம் நமக்கு வேண்டியிருக்கிறது. முகமில்லாத ஒருவரிடம் அன்பு செலுத்துவது மனிதனுக்கு எளிதாக இல்லை.

இனி, அந்த ஏழு விளிம்புகளுக்கு வருகிறேன். 1769இல் சேம்சு கிரேஞ்சர் என்னும் பாதிரியார் இங்கிலாந்தின் வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்றை வெளியிட்டார். யார் யாருக்குச் செதுக்குபடங்கள் உள்ளன என்று வரிசைப்படுத்திக் காட்டிய நூல் அது. அதன் விளைவாக, படங்களைத் தேடிச் சேர்த்துத் தம் நூலோடு இணைத்துக் கட்டும் வேட்கை செல்வர்களிடையே பரவியது. படங்களுக்காகப் பிற நூல்கள் வெட்டப்பட்டன. ஒரு நூல் கொழுக்கப் பல நூல்கள் மெலிந்தன. என் நூலை வெட்டியவர் யாரோ, எந்நாட்டவரோ, நான் அறியேன். பல ஆண்டுகள் அவர்மீது எனக்குச் சினம் இருந்தது. நூலை வெட்டுபவனுக்கு மன்னிப்பே இல்லை என்று மாணவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமைக் காலையில், நூல்நிலையப் பொறுப்பாசிரியை எங்கள் பள்ளியின் பழைய ஆண்டுவிழா மலர் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமீது விரித்து வைத்தார். ஒரு வகுப்புப் படத்தில் கட்டைவிரல் நகமளவு சிறு சதுரம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. வெட்டியவன் ஐந்தாம் ஆண்டு மாணவன். நான் காரணம் கேட்கவில்லை. அன்றைய சபைகூடலில் அவனை முன்னே அழைத்து, எல்லாரும் கேட்கக் கடுமையாகக் கண்டித்தேன். அவன் தலைகுனிந்து நின்றான். ஒரு சொல்லும் பேசவில்லை. என் ஏழு விளிம்புகளுக்கும் சேர்த்து அவனைக் கண்டித்தேன் என்பதை இப்போது உணர்கிறேன்.

ஓய்வு வேளையில் அவன் என் அறைக்கு வந்தான். கையில் மடித்த தாளுக்குள் அந்தச் சிறு சதுரம் இருந்தது. "ஐயா, திருப்பிக் கொடுக்க வந்தேன்" என்றான். அதில் இரட்டைச் சடையிட்ட ஒரு சிறுமி. "யாரப்பா இது?" என்றேன். "எங்க அம்மா, ஐயா. அம்மா இப்ப இல்லை. நான் அம்மா மாதிரியே இருக்கேன்னு பாட்டி சொல்லும். என் வயசில அம்மா எப்படி இருந்தாங்கன்னு பார்க்கணும்னு எடுத்தேன்."

எனக்கு மறுமொழி வரவில்லை. ஏனெனில், அவன் தேடியதை நானும் தேடியவன். 1981இல், எனக்குப் பதினோரு வயதானபோது, என் தந்தையார் காலமானார். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த எங்களுக்குப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பில்லை. அவர் முகம் பதிந்திருந்த ஒரே இடம் அவரது அடையாள அட்டை. இறப்பைப் பதிவு செய்தபோது, முறைப்படி அந்த அட்டையை ஒப்படைத்துவிட்டோம். அது முறைதான், எவரையும் குறைகூற இயலாது. ஆனால், படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை. விக்டோரியா அரசியின் இளமை முகம் 1840இல் முதல் அஞ்சல்தலையில் செதுக்கப்பட்டது; 1901இல் எண்பத்தோராம் வயதில் அவர் மறையும்வரை, அவர் நாட்டு அஞ்சல்தலைகளில் அந்த இளமை மூப்படையவே இல்லை. வாழ்நாளெல்லாம் மரத்தில் கோடு கிழித்த ஒரு மனிதருக்கோ, அவர் முகத்தைக் காட்ட ஒரு கோடுகூட எஞ்சவில்லை.

அடுத்த திங்கட்கிழமைச் சபைகூடலில் நான் மீண்டும் பேசினேன். "நூலை வெட்டியது தவறு. காரணம் கேளாமல் ஒரு மாணவனைக் கண்டித்ததும் தவறு. முதல் தவற்றைச் செய்தவன் தானே வந்து ஒப்புக்கொண்டான். இரண்டாம் தவற்றைச் செய்தவன் இப்போது உங்கள்முன் ஒப்புக்கொள்கிறான்" என்றேன். அவன் குடும்பச் செய்தியை நான் வெளியிடவில்லை. பொறுப்பாசிரியை அச்சதுரத்தை உரிய இடத்தில் ஒட்டிச் செப்பனிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் படியெடுத்து அவனிடம் கொடுத்தோம். அதைப் பெற்றுக்கொண்டவன், என் மேசைமேல் கிடந்த வரலாற்று நூலைப் பார்த்து, "இவங்க முகத்தில ஏன் ஐயா இவ்வளவு கோடு?" என்று கேட்டான். மேலே நான் எழுதியவற்றுள் பாதி, அன்று அவனுக்குச் சொன்ன விடைதான்.

அதன்பின், ஓய்வு நாளொன்றில், கூரிய பேனாவால் என் தந்தையாரின் முகத்தைக் கோடுகளால் வரைய முயன்றேன். என் அக்காளிடம் காட்டினேன். "மூக்கு இப்படி இல்லை, கண் மட்டும் அப்பா" என்றார். இருமுறை திருத்தினேன். இன்னும் முழுமையாக அமையவில்லை; ஹவுபிராக்கனைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. எனினும் அப்படத்தின் அடியில் அவர் பெயரையும் ஆண்டுகளையும் எழுதி, என் வரலாற்று நூலில் வெட்டுண்டு நிற்கும் விளிம்புகளுள் ஒன்றில் ஒட்டி வைத்திருக்கிறேன். எந்த அரசருக்கு உரிய இடமோ அது, தெரியாது. ஆறு விளிம்புகள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன.