வடிகட்டிய தண்ணீர்

மகளுக்கு ஆறு வயது முடிவதற்குள் நான்கு பற்களில் சொத்தை. செங் வட்டாரத்தில் நாங்கள் போகும் பல் கிளினிக்கில், வாயைப் பார்த்த மிஸ்ஸி, "அண்ணே, வீட்டுல என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

பெருமையாகத்தான் சொன்னேன். வீடு வீடாக விற்க வந்தவர் குழாய்த் தண்ணியைப் பற்றிக் கிளப்பிய பயத்தில், தவணைக்கு எடுத்த ஆர்.ஓ. ஃபில்டர்.

"அது நல்லதையும் சேத்துல்ல எடுத்துடுது!"

குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்க 1972இல் மலேசிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2005இல் அதன் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராமிலிருந்து 0.5ஆகக் குறைந்தது. இனிப்பைத் தின்னும் கிருமிகள் சுரக்கும் அமிலம் எனாமலைக் கரைக்கும். கரைந்த இடத்தில் தாது மறுபடி படிய ஃபுளோரைடு துணை செய்கிறது.

அந்தக் குழாய் எங்கள் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. நான் கிணத்துத் தண்ணியில் வளர்ந்தவன். அம்மா விடியலில் மரம் வெட்டப் போகும்முன் டின் பால் கலந்த தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றி வைத்துவிட்டுப் போவார். பத்து வயதில் எனக்குக் கடைவாய்ப் பல் பாதி இல்லை. "நம்ம வம்சத்துப் பல்லே பூச்சிப் பல்லுதான்" என்பார் பாட்டி.

வம்சம் காரணமில்லை என்று தருமபுரிக்குப் போனபோது தெரிந்தது. தாத்தா அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். அங்குள்ள சொந்தக்காரப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை. நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுதி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டிய ஊர்கள் பல. பல் முளைக்கும் முன்னரே, ஈறுக்குள் உருவாகும்போதே விழுகிற கறை அது, தேய்த்தால் போகாது. தங்கை முறைப் பெண் ஒருத்தி கையால் வாயை மூடிக்கொண்டே சிரித்தாள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் அந்த மாவட்டத்துக்கு வந்தது.

ஒரே ரத்தம். அவர்களுக்குக் கூடிப்போனது; எனக்குக் கிடைக்கவில்லை. மகளுக்குச் சரியான அளவில் வீடு தேடி வந்ததை நானே காசு கொடுத்து எடுத்துவிட்டேன்.

தண்ணீர்மேல் மட்டும் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. படுக்கும்போது சாக்லேட் பால் போத்தலைக் கையில் கொடுத்தவனும் நான்தான்.

இப்போது குழாய்த் தண்ணியைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். கொதித்தால் ஃபுளோரைடு போகாது. ஃபில்டருக்கு இன்னும் பதினோரு மாதத் தவணை பாக்கி.