தெளித்துக் கூட்டு

எங்கள் வீட்டு வேக்குவம் கிளீனரின் தொட்டியில் போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் செக்கச்செவேல் என்று இருந்தது. வேலைக்கு வரும் அந்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஆலம் கரைச்ச மாதிரி இருக்கு. யாருக்குச் சுத்திப் போட்டீக?" என்றார். யாருக்கும் சுற்றவில்லை. பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழ் கவிழ்ந்து மூலைமுடுக்கெல்லாம் கொட்டிக் கிடந்தது. அதை உறிஞ்சியதால் வந்த சிவப்பு. இருந்தாலும் அவர் சொன்னதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்தது. வீட்டைச் சுற்றி வந்த தண்ணீரை வெளியே கொண்டுபோய் ஊற்றுவதுதானே இரண்டிலும் நடப்பது?

இந்த இயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. சாதாரண வேக்குவம் கிளீனரில் தூசி ஒரு பையில் போய்ச் சேரும். இதில் பை கிடையாது. இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் தொட்டிதான். உள்ளே இழுபடும் காற்று தண்ணீருக்குள் குமிழ் குமிழாகப் புகுந்து வெளியேறும். தூசி நனைந்து தண்ணீரிலேயே தங்கிவிடும். வேலை முடிந்ததும் தொட்டியைக் கழற்றிக் கொட்ட வேண்டும். "வாங்கலாமா?" என்று தெரிந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் வாங்குங்கள் என்றும் சொல்ல வராமல், வேண்டாம் என்றும் சொல்ல வராமல் முழிக்கிறேன். எழுதிப் பார்த்தாலாவது எனக்கே விளங்குமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையில். ஆனி பிறந்துவிட்டால் மேற்கேயிருந்து காற்று கிளம்பும். ஆடி முடிகிற வரைக்கும் அது ஓயாது. வைகை மணலாகக் கிடக்கும். கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும். அங்கிட்டிருந்தெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கட்டிலில் போட்டுவிட்டுப் போகும். ஜன்னல் கட்டையில் காலையில் விரலால் பெயர் எழுதினால் சாயங்காலம் அது மூடிப்போயிருக்கும். தொட்டித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பக்கத்து மண் என்று சொல்லிவிடுவேன் என நான் வீட்டில் அளப்பது உண்டு. கறுப்பாக இருந்தால் திருமங்கலத்துக் கரிசல், செம்பழுப்பாக இருந்தால் அழகர்கோயில் பக்கத்துச் செம்மண். "ரெண்டும் இல்லை. நம்ம தெருவுல மூணு வீடு கட்டுறாங்க, அந்தச் சிமெண்டு" என்பாள் மனைவி. பெரும்பாலும் அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

இழுப்பு அவளுக்குத்தான். ஆடிக்காற்றிலும் ஐப்பசி ஈரத்திலும் இன்ஹேலர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். பார்த்த நுரையீரல் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "வீட்டை யார் கூட்டுறது?" என்பதுதான். காய்ந்த தரையில் பூந்துடைப்பம் போட்டால் பெரிய தூசி மூலைக்குப் போகும். பொடித்தூசி எழும்பி மூக்கு உயரத்துக்கு வரும், அடங்க வெகுநேரம் ஆகும் என்று விளக்கினார். மெத்தை, தலையணையில் குடியிருக்கும் தூசிப்பூச்சியைப் பற்றியும் சொன்னார். கால் மில்லிமீட்டர்தான் அதன் நீளம், வெறும் கண்ணுக்குப் புலப்படாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதற்குச் சோறு. அதன் எச்சம் மூச்சோடு உள்ளே போவதுதான் பலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடுகிறது.

இது நடந்த மாதமே ஒரு தம்பி இயந்திரத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். வாசலுக்கு வந்து வேக்குவம் கிளீனர் விற்கும் வழக்கத்தை இந்தியாவில் பரப்பியது 1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ். அந்த நாட்களில் டை கட்டிய பையன்கள் ஏறாத மாடிப்படி கிடையாது. இவர் வேறொரு கம்பெனி. போடியிலிருந்து சொல்லி வாங்கிய எங்கள் இலவம்பஞ்சு மெத்தையைக் காட்டச் சொன்னார். உறிஞ்சுகுழாயின் நடுவே ஒரு கறுப்புத் துணியைச் செருகி அரை நிமிடம் இழுத்தார். துணியில் கோலமாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. "இதுலயா தினமும் படுக்கிறோம்?" என்று மனைவி என்னைப் பார்த்த பார்வையில் வியாபாரம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஊரில் எந்த மெத்தையில் இழுத்தாலும் அது வரும், ராஜா வீட்டு மெத்தையிலும் வரும் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அவர் சொன்ன விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. நல்ல வேளை, அங்கேதான் நின்றோம். பிறகு கடை கடையாக விசாரித்து, அதில் கால் பங்கு விலைக்கு வேறொரு சின்ன மாடலை வாங்கினோம்.

வாங்கிய பிறகுதான் இதன் பூர்வீகத்தைப் படித்தேன். 1901-இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசியை ஊதித் தள்ளும் ஒரு இயந்திரத்தைப் பார்த்திருக்கிறார். ஊதினால் அது வேறு இடத்துக்குத்தானே போகும், உறிஞ்சினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. ஓட்டல் நாற்காலி ஒன்றின் மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்துப் புரையேறி இருமியிருக்கிறார். கைக்குட்டையின் அடியில் படிந்திருந்த அழுக்கில்தான் இத்தனையும் தொடங்கியது. அவர் செய்த இயந்திரம் குதிரை வண்டியில் தெருவில் நிற்கும். குழாய் மட்டும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும். 1902-இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டுக்கு முன்னால் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளத்தைச் சுத்தம் செய்தது அதுதான்.

எனக்கு நெருக்கமானவர் இன்னொருவர், அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு கடையைக் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்த ஜேம்ஸ் ஸ்பாங்ளர். அவருக்கும் இழுப்பு. கூட்டக் கூட்ட மூச்சு வாங்கியது. விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி 1907-இல் கையில் பிடித்து ஓட்டும் கருவி ஒன்றைச் செய்துகொண்டார். மறுவருடம் அதன் உரிமையை ஹூவர் என்பவர் வாங்க, ஹூவர் என்ற பெயரே ஆங்கிலத்தில் இந்த வேலைக்குப் பெயராகிவிட்டது. தலையணை உறைக்குப் பதிலாகத் தண்ணீரை வைத்த ரெயின்போ போன்றவை பிற்பாடு வந்தவை. ஆக, பணக்காரர் வீட்டு ஆடம்பரம் என்று நான் நினைத்திருந்த பொருளுக்குள் கூட்டுகிற வேலைக்காரர் ஒருவரின் இருமல் இருந்திருக்கிறது.

சரி, நல்லது என்ன? முதலாவது, இழுவை குறையாது. பை வைத்த இயந்திரத்தில் பை நிரம்ப நிரம்ப, துணியின் கண் அடைபட்டு மூச்சு திணறும். தண்ணீருக்கு அடைபடக் கண் இல்லை. இரண்டாவதுதான் எங்களுக்குப் பெரியது. பையை உதறும்போது ஒரு புகைமண்டலம் கிளம்புமே, அது இதில் கிடையாது. தூசி சேறாகிவிட்டது, இனி பறக்காது. கூட்டும்போது மொட்டை மாடிக்குப் போய் நின்றவள் இப்போது அதே அறையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். மின்சாரத்துக்கும் பயப்பட வேண்டாம். 1400 வாட் இயந்திரத்தை நாற்பது நிமிடம் ஓட்டினால் ஒரு யூனிட்கூட ஆகாது.

ஆனால் "தண்ணி எல்லாத்தையும் புடிச்சிரும் சார்" என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. ஒரு குமிழுக்குள் சிக்கிய மிகப் பொடியான தூசி, குமிழின் சுவரைத் தொடாமலே மேலே வந்து காற்றோடு வெளியேறிவிடும். எண்ணெய்ப் பசையுள்ள தூசி தண்ணீரோடு ஒட்டவே ஒட்டாது. அதனால்தான் கடைசியில் ஒரு ஹெப்பா வடிகட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அணுகுண்டு வேலையில் கதிரியக்கத் தூசியைப் பிடிக்க உருவானது அது. 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைத் தடுக்க வேண்டும் என்பது அதற்கான அளவுகோல். மூட்டையைத் தூக்குவது தண்ணீர். மிச்சத்தைப் பொறுக்குவது ஹெப்பா. அதை மாற்ற வேண்டிய செலவு தனி.

கெட்டது எல்லாம் வேலை முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும். அப்பாடா என்று உட்கார முடியாது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டி, கழுவி, காயவைத்து எடுக்கக் கால் மணி நேரம். ஒரு தடவை ஒரு கல்யாணத்துக்காகத் தேவகோட்டை போகிற அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போனோம். மூன்றாம் நாள் வந்து திறந்தால் எலி செத்த வாடை. சமையலறைத் தொட்டியிலும் கொட்டக் கூடாது. முடியும் நூலும் குழாய்க்குள் திரண்டு அடைத்துவிடும். இன்னொரு நாள், கொட்டிக் கிடந்த துணிசோப்புத் தூளைச் சாமர்த்தியமாக உறிஞ்சினேன். உள்ளே நுரை பொங்கி, இயந்திரம் வாயில் நுரை தள்ளியதைப் பார்த்து பிளக்கைப் பிடுங்கினேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத்தண்ணீர். தொட்டியின் ஓரத்தில் வெள்ளையாகக் காறை பிடிக்கிறது. குழாய்த் தண்ணீரோ முறைவைத்து வருவது. குடிக்கிற தண்ணீரைத் தூசிக்குக் கொடுக்கிறோமே என்று முதலில் மனசு உறுத்தியது. தரை துடைக்க ஒரு வாளி செலவழிப்பதைப் பார்த்தபின் இந்த இரண்டு லிட்டர் பெரிதில்லை என்று சமாதானம் ஆனேன். கனம் வேறு. தண்ணீரோடு மாடிக்குத் தூக்க எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், நல்லது கெட்டது இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பை அழுக்கை மறைத்து வைக்கும், நாமும் மாதக்கணக்கில் மறந்திருக்கலாம். தண்ணீர் மறைக்காது. அன்றன்றைக்குக் கண்முன் காட்டி, அன்றன்றைக்கே கொட்டச் சொல்லும். சோம்பேறி வீட்டுக்கு ஆகாத இயந்திரம் இது. வாங்கலாமா என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ராத்திரி சாப்பிட்ட தட்டை அப்போதே கழுவி வைக்கிற ஆளா நீங்கள்?

என் அப்பத்தா அப்படிப்பட்ட ஆள். சோழவந்தானில் அவர் வீடு மண் தரை, வெள்ளிக்கிழமை தோறும் சாணி மெழுக்கு. விடியும் முன்னால் ஒரு செம்புத் தண்ணீரைக் கையால் அள்ளி விசிறித் தெளிப்பார். மண் நனைந்த வாசம் வந்த பிறகுதான் விளக்குமாற்றைத் தொடுவார். தெளிக்காமல் கூட்டினால் சத்தம் போடுவார்: "தூசிய எந்திரிக்க விட்டுப்புட்டு அது பின்னாடி ஓடாதடா." நனைந்த தூசி பறக்காது என்கிற அதே சங்கதிதான் மோட்டார் வைத்து, பிளாஸ்டிக் தொட்டி மாட்டி, தவணைமுறையில் என் வீட்டுக்கு வந்திருக்கிறது. அந்தம்மாவிடம் இது வேலை செய்யும் விதத்தை ஒரு நாள் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெளிச்சுக் கூட்டுறதுதானண்ணே? அதுக்கு எதுக்குக் கரண்டு?" என்றார்.

பதில் இருக்கிறது. மெத்தையிலும் சோபாவிலும் தண்ணீர் தெளிக்க முடியாது. அதற்குத்தான் இது. மற்றபடி இப்போது எங்கள் வீட்டில் வேலை பங்கு பிரிந்துவிட்டது. தரைக்குத் தினமும் ஈரத்துணி, வாசலுக்கு விளக்குமாறு, ஞாயிற்றுக்கிழமை மெத்தைக்கும் திரைக்கும் இயந்திரம். தலையணை உறைகளுக்கு வெந்நீர்த் துவையல், ஏனென்றால் தூசிப்பூச்சி இந்த இழுவைக்கெல்லாம் எளிதில் பிடி விடாது. 55 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீருக்குத்தான் சாகும். மெத்தைக்கு மொட்டை மாடி வெயில். மதுரையில் அதற்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. காற்றுக்காலத்தில் பத்து மணிக்கே மேற்கு ஜன்னலைச் சாத்திவிடுவாள் மனைவி. இருப்பதிலேயே செலவில்லாத வைத்தியம் அது. இழுப்பு நின்றுவிடவில்லை. ஆனால் போன ஆடியில் இரவு எழுந்து உட்கார்ந்த நாட்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

தொட்டித் தண்ணீரை வழக்கமாகக் கறிவேப்பிலை மரத்துக்குத்தான் ஊற்றுவேன். அன்றைக்கு அந்தச் சிவப்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போகத் திரும்பியபோது அந்தம்மா வழிமறித்தார். "அங்கிட்டு எதுக்குண்ணே? ஆலத்தண்ணிய வாசல்லதான் ஊத்தணும்."

குங்குமம்தான் என்று இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். உள்ளே மனைவி சிரமமில்லாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பேசாமல் போய் வாசலில் ஊற்றிவிட்டு வந்தேன்.