பதினாறு சிப் ஸ்டிக்

வியாழன் இரவு

மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு மூன்று ஜன்னல்கள் சேர்ந்தாற்போல் திறந்திருக்க வேண்டும். ஒன்றில் பேஜ்மேக்கர், ஒன்றில் மூலப் பிரதியின் பிடிஎஃப், இன்னொன்றில் பதிப்பாளரின் மின்னஞ்சல். மூன்றாவதைத் திறந்ததும் என் டெஸ்க்டாப் நின்றுவிடுகிறது. மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது, அதன் கீழே ஒன்றும் அசையவில்லை. கேபினெட் முகப்பில் ஹார்ட் டிஸ்க்கின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. வியாதியைக் காட்டிக்கொடுப்பது அந்த விளக்குதான். ராமில் இடம் தீர்ந்ததும், அப்போதைக்குத் தேவைப்படாததை விண்டோஸ் டிஸ்க்கில் இறக்கிவைக்கிறது. கேட்டால் மறுபடி ஏற்றுகிறது. ராமிலிருந்து ஒன்றை எடுக்க 100 நானோ விநாடி போதும். சுழலும் டிஸ்க்கிலிருந்து எடுக்கப் பத்து மில்லி விநாடி ஆகும். லட்சம் மடங்கு வித்தியாசம். மேசைமேல் இருக்கும் அகராதியை ஒரு விநாடியில் எடுப்பவனை, அதே அகராதிக்காக இருபத்தேழு மணி நேரத்துக்கு மேல் அலைய விட்டால் எப்படி இருக்கும்?

வெள்ளி

“புதுசா ஒண்ணு வாங்கிடுங்கப்பா” என்கிறான் மகன். வாங்கலாம்தான். ஆனால் 2025 கடைசியிலிருந்து புது மெமரி விலை தாறுமாறாக ஏறிக்கிடக்கிறது. ஏஐ தரவு மையங்கள் வாங்கிக் குவிக்கின்றன, தொழிற்சாலைகளும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ராம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதோடு, என் கம்ப்யூட்டர் முன்பு செய்த வேலையை இன்றும் அதே வேகத்தில்தான் செய்கிறது. பெருத்தது வலைப்பக்கங்கள். பத்து வரி மின்னஞ்சலைக் காட்ட உலாவி சில நூறு எம்பி கேட்டால் அதற்கு இயந்திரம் என்ன செய்யும்?

உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டும் சிபியு-இஸட் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். கோர் 2 டுவோ இ8400, இன்டெல் ஜி41 போர்டு, டிடிஆர்3, இரண்டே ஸ்லாட், இரண்டிலும் ஒவ்வொரு ஜிபி. ஜி41-இன் உச்சவரம்பு 8 ஜிபி. அதாவது 4 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்க வேண்டும். இப்போது இருக்கும் இரண்டும் வெளியே வரும்.

வாங்கிச் செருகினால் மட்டும் போதாது. என்னுடையது 32 பிட் விண்டோஸ் 7. 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் 429 கோடி சொச்சம், அதாவது 4 ஜிபி. அதிலும் கிராஃபிக்ஸுக்கும் மற்ற சாதனங்களுக்கும் ஒதுக்கியது போகக் கைக்கு வருவது மூன்றேகால் ஜிபி போல. மேலே எவ்வளவு செருகினாலும் அது வெறும் அலங்காரம். விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது, அதை இணையத்தில் விடவும் மனம் ஒப்பவில்லை. எனவே புது எஸ்எஸ்டியில் 64 பிட் லினக்ஸ் மின்ட். அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, இணைய இணைப்பில்லாத ஒரு விண்டோஸ் 7. பேஜ்மேக்கர் அங்கே குடியிருக்கட்டும். 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு அந்த மென்பொருளின் கதை முடிந்துவிட்டது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்களின் கதை முடியவில்லை. மறுபதிப்பு என்று யாராவது ஒருவர் வந்துகொண்டே இருக்கிறார்.

சனி மாலை

சென்னை அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால், கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமைக் கூட்டம் நெரிகிறது. பழைய ராம் விற்கும் கடையில் ஸ்டிக்குகளைக் கட்டுக்கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். டிடிஆர்3, 4 ஜிபி என்றதும் பையன் இரண்டை எடுத்து நீட்டினான். உள்ளேயிருந்து பெரியவர் குரல் கொடுத்தார்:

“போர்டு என்ன சார்?”

“ஜி41.”

“டேய், அது ஏறாதுடா. பதினாறு சிப் எடு.”

இதைக் கேட்கத்தான் இந்தத் தெருவுக்கு வர வேண்டும். இரண்டு ஸ்டிக்கும் 4 ஜிபிதான், இரண்டுக்கும் 240 பின்தான், அடிவிளிம்பில் உள்ள வெட்டும் ஒரே இடத்தில்தான். முதலாவதில் ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப், ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட். இரண்டாவதில் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு, ஒவ்வொன்றும் 2 ஜிகாபிட். சிப்புக்குள் பிட்டுகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 2 ஜிகாபிட் சிப்பில் எந்த வரிசை என்று சொல்லப் பதினைந்து முகவரிக் கம்பிகள் போதும்; 4 ஜிகாபிட்டுக்குப் பதினாறு வேண்டும். 2008-இல் வந்த ஜி41-இல் அந்தப் பதினாறாவது கம்பியே கிடையாது. அடர்த்தியான சிப்பைச் செருகினால் பெரும்பாலும் திரையே வராது. ஆள் வாங்கிப்போய் ஸ்டிக் செத்துவிட்டது என்று திட்டுவார். ஸ்டிக் நன்றாகத்தான் இருக்கும்.

லேபிளில் 1333 என்று போட்டிருந்தது. இந்த போர்டில் 1066-இல் ஓடும், அதனால் ஒரு கேடும் இல்லை. “டெஸ்டிங் வாரண்டி ஒரு வாரம்” என்று பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார் பெரியவர். எஸ்எஸ்டி எதிர்க்கடையில்.

ஞாயிறு

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினேன், மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று. கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாத அளவிலேயே சிப்பைக் கொல்லும். பழைய ஸ்டிக்குகளைக் கழற்றி, புதிதாக வந்தவற்றின் தங்கப்பூச்சுப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளினேன். வெட்டைப் பார்த்துப் பொருத்தி இரு முனையிலும் அழுத்தினால் கவ்விகள் ‘டக்’கென்று தாமாக மூடிக்கொள்ள வேண்டும். மூடின. பயாஸில் 8192 எம்பி.

இரவு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட விட்டேன். பழைய ராம் வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் விடக் கூடாது. பழுதான பிட் ஒன்று இருந்தால் அது திரையில் தெரியாது, என்றைக்கோ சேமித்த ஃபைலில்தான் தெரியும். மெம்டெஸ்ட் ஓடுகிறபோது பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கப்பாசிட்டர், அது ஒரு பிட். ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. கப்பாசிட்டர் ஓட்டைக் குடம். 64 மில்லி விநாடிக்குள் மறுபடி நிரப்பாவிட்டால் எழுதியது அழிந்துபோகும். 8 ஜிபி என்றால் அப்படி 6,871 கோடி குடங்கள், ஒவ்வொன்றுக்கும் விநாடிக்குப் பதினைந்து முறைக்கு மேல் தண்ணீர். 1970-இல் இன்டெல் விற்ற 1103 சிப்பில் இருந்த பிட்டுகள் 1,024.

திங்கள்

பிழை பூஜ்யம். மின்ட் ஏறிவிட்டது. விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸுக்கு 2 ஜிபி கொடுத்தேன், பேஜ்மேக்கருக்கு அதுவே தாராளம். மின்னஞ்சல், பிடிஎஃப், பேஜ்மேக்கர் மூன்றும் திறந்த நிலையில் ஐந்து ஜிபிக்குக் கீழேதான் செலவு. ஸ்வாப்பில், அதாவது டிஸ்க்கில் இறக்கிவைக்கும் இடத்தில், ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் எழும்பும் வேகத்துக்கு எஸ்எஸ்டிதான் காரணம், அந்தப் பெருமையை ராமுக்குக் கொடுப்பது நியாயமில்லை. எழும்பிய பிறகு மூன்று ஜன்னலுக்கும் தாவித் தாவிப் போக முடிவது ராமால். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசிருக்கிறது என்று யாராவது கேட்டால், 4 ஜிபி ஏற்கெனவே இருப்பவரை எஸ்எஸ்டி வாங்கச் சொல்வேன்; என்னைப் போல 2 ஜிபிக்காரரை முதலில் ராமுக்கு அனுப்புவேன்.

கழற்றிய ஒரு ஜிபி ஸ்டிக்குகளைப் பற்றிப் பெரியவரிடம் போனில் விசாரித்தேன். “கொண்டாங்க சார், பில்லிங் மெஷின்காரங்க கேப்பாங்க” என்றார். மதியத்துக்குள் எட்டாம் அத்தியாயத்தின் திருத்தங்களை அனுப்ப வேண்டும்.