தணிகை மலைக்குக் குடும்பத்தோடு வேனில் போகிறீர்களா?

சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் திருத்தணி வந்துவிடும். ஆறுபடை வீடுகளில் ஐந்தாவது. முருகன் சினம் தணிந்து அமர்ந்த தலமாதலால் கந்த சஷ்டியின்போது இங்கே சூரசம்ஹாரம் கிடையாது. மலையேற, வருஷத்தின் நாட்களைப் போல 365 படிகள். டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவில் படிக்குப் படி பூஜை நடக்கும்.

எங்கள் மாமியாருக்கு முழங்கால் வலி, நாத்தனாருக்கோ கைக்குழந்தை. மேலே வரை வண்டி போகிற பாதை இருப்பதால், பழைய வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இட்லி, புளியோதரை, வெந்நீர் பிளாஸ்க் சகிதம் புறப்பட்டோம்.

டிரைவருக்குப் பின் சீட்டில் நான். திருவள்ளூர் தாண்டி ரோடு நேராகத்தான் போகிறது, வண்டியும் நேராகத்தான் போகிறது. ஸ்டியரிங் மட்டும் இடது பக்கம் சாய்ந்தே நிற்கிறது! கேட்டேன்.

"போன வாரம் முன்னாடி பால் ஜாயின்ட் மாத்தினோம்மா. அதுலேருந்து இப்படித்தான். பழகிடுச்சு" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மலை வளைவில் ஏறுமுன் காட்டிவிடலாம் என்றேன். ஊருக்குள் ஒரு மெக்கானிக் கிடைத்தார்.

"ஸ்டியரிங்கைக் கழட்டி நேரா மாட்டிட்டாப் போதாதா?" என்றார் டிரைவர்.

"அது கண்ணுக்கு மட்டும்தான் நேராகும்ணே. உள்ளே ஸ்டியரிங் பாக்ஸ் நடுவை விட்டு விலகியே நிக்கும். நேர் ரோட்டிலே ஆட்டம் கூடும். வளைவிலே ஒரு பக்கம் முழுசா ஒடியாமப் போகலாம்" என்றார் மெக்கானிக்.

எனக்குப் புரிந்துவிட்டது. தோள் கோணலாக இருக்கிற ரவிக்கைக்குப் பொத்தானை மாற்றித் தைத்த கதை!

முதலில் டயர்களில் காற்றைப் பார்த்தார். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிச் சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்தினார். ஸ்டியரிங் நேராக நின்றது. முன் சக்கரங்கள்தான் திரும்பியிருந்தன. ஆகவே குறை ஸ்டியரிங் மாட்டியதில் இல்லை. பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் கம்பியின் நீளத்தில். அதன் கிளாம்பைத் தளர்த்தி, சக்கரம் நேராகும் வரை திருகி, மறுபடி இறுக்கினார். சமமான தெருவில் ஓட்டிப் பார்த்து இன்னும் துளி திருகினார். முக்கால் மணி நேர வேலை. அதற்குள் குழந்தைகள் இட்லியை முடித்துவிட்டார்கள்.

மலை வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்டது. தரிசனம் முடிந்து பிராகாரத்தில் உட்கார்ந்தால் ஒரு காதில் தமிழ், மறு காதில் தெலுங்கு. ஆந்திராவில் இருந்த திருத்தணி, எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 முதல் நம் மாநிலத்தோடு சேர்ந்தது அல்லவா!

வேனில் ஏறும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்:

* சமமான, நேர் ரோட்டில் ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஓரம் சரிந்த ரோட்டில் லேசாகத் திருப்பிப் பிடிப்பது சகஜம்.

* வண்டியே ஒரு பக்கம் இழுத்தால் அது வேறு விஷயம். டயரில் காற்றுக் குறைவோ பிரேக் பிடிப்போ இருக்கலாம்.

* பெரிய பள்ளத்தில் விழுந்த பிறகு திடீரென்று கோணினால் கம்பி வளைந்திருக்கக்கூடும். அதைத் திருகிச் சரிசெய்யக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

* முன்பக்க வேலை எது நடந்தாலும் வீல் அலைன்மென்ட் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே.

கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். வண்டியில் இருப்பது நம் குழந்தைகள்.