அந்திமக் காலத்தில் ஓர் அஸ்திவாரம்

எழுபதைத் தாண்டியவர்களிடம் புதிதாக ஏதாவது செய்யச் சொல்லிப் பாருங்கள். "இனிமேல் எதற்கு?" என்பார்கள். நானும் அந்த வயதுக்காரன்தான். ஆனாலும் இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. பத்மோஸ் மலையில் ஏறிப் பார்த்த பிறகு சுத்தமாகப் பிடிக்கவில்லை.

கிரேக்கத் தீவுகளைச் சுற்றிவரும் சொகுசுக் கப்பல்கள் சில மணி நேரம் நின்று போகும் சின்னத் தீவு அது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பத்மு என்பார்கள். ரோமப் பேரரசன் டொமிஷியன் காலத்தில் நாடு கடத்தப்பட்ட யோவான், பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தைக் கண்டது இங்கேதான். ஸ்காலா துறைமுகத்திலிருந்து மேலே போகும் வழியில் பாதியில் அவர் தங்கிய குகை இருக்கிறது. அவர் தலை சாய்த்ததாகச் சொல்லும் குழிவுக்கு வெள்ளிப் பூண் கட்டியிருக்கிறார்கள். அப்போது அவர் முதியவர் என்பதே மரபு.

உச்சியில் ஹோரா என்ற ஊர். அதன் வெள்ளை வீடுகளுக்கு நடுவே, கோட்டை போல யோவான் மடம். கடற்கொள்ளையர் பயத்தால் ஜெபம் செய்யும் இடத்துக்கும் அத்தனை பெரிய மதில் வேண்டியிருந்திருக்கிறது.

இதைத் தொடங்கியவர் கிறிஸ்தொதூலோஸ் என்ற துறவி. துருக்கியர் படையெடுப்பால் லாட்மோஸ் மலை மடத்தை விட்டு வந்தவர். கோஸ் தீவில் அவருக்கு நிலபுலன் இருந்தது. தலை நரைத்த பிறகு அதையெல்லாம் பைசாந்தியப் பேரரசர் அலெக்ஸியோஸ் கொம்னேனோஸிடம் ஒப்படைத்துவிட்டு, ஆளரவமற்ற பத்மோஸைக் கேட்டு வாங்கினார். 1088இல் வழங்கிய அரசாணை இன்றும் மடத்தில் இருக்கிறது.

பிடிவாதக்காரர், ஆனால் வளையத் தெரிந்தவர். தீவில் பெண்களுக்கு இடமில்லை என்றுதான் முதலில் விதித்தார். கட்டட வேலைக்கு வந்தவர்கள் பெண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு இருக்க முடியாது என்றதும், தீவின் ஒரு பக்கத்தில் குடும்பங்கள் வாழ இடம் கொடுத்தார். வயதான பிறகு விட்டுக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நமக்குத் தெரியாதா?

கட்டி முடித்து அனுபவிக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கொள்ளையர் தொல்லையால் தீவை விட்டுப் போய், 1093இல் எவியா தீவில் காலமானார். சீடர்கள் உடலைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மடத்தையும் அவர்களே வளர்த்தார்கள். பைபிள் கையெழுத்துப் பிரதிகளில் பெயர்பெற்ற ஊதா ஏட்டின் 33 தாள்கள் உட்பட, அரிய சுவடிகள் அங்கே சேர்ந்தன.

பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. 895இல் எழுதிய பிளேட்டோ சுவடியை 1801இல் ஓர் ஆங்கிலேயர் வாங்கிப் போனார். இப்போது அது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. பிள்ளைகள் கட்டிக்காப்பார்களா என்று கவலைப்பட்டுக்கொண்டே எதையும் தொடங்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். சில ஏடுகள் போயின, மடம் போகவில்லை. 1999இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்றும் அங்கே துறவிகள் இருக்கிறார்கள்.

கப்பலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முழங்கால் வலிக்குப் பயந்து துறைமுகக் கடைகளோடு திரும்பிவிடாதீர்கள். ஹோரா வரை பேருந்து போகிறது. தோளும் காலும் மூடும்படி உடுத்துங்கள். மதியத்தில் மடத்தைச் சாத்திவிடுவார்கள், காலையிலேயே ஏறிவிடுங்கள்.