மலையேறும் சிறுவண்டிக்கு எந்தச் சில்லு?

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்குத் தனியொரு களை கூடிவிடுகிறது. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியிலே படகோட்டம் என்று பெருநகரத்தார் குவிகின்ற அந்நாட்களிலே, கந்தப்பளையிலும் இராகலையிலும் வாழும் எம் இளைஞர்களின் செவிக்கு இனிப்பது வேறோர் ஓசை. மோட்டார் வண்டிகள் மலையேறும் ஓசையே அது. நுவரெலியாவை அடுத்த மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலே 1934ஆம் ஆண்டு தொடங்கிய மலையேற்றப் பந்தயம் ஆசியாவின் மிகப் பழைய பந்தயங்களுள் ஒன்றாக மதிக்கப்படுவது. நானுஓயாப் பக்கத்து ரதல்லையிலும் இத்தகைய பந்தயம் உண்டு. துரைமார் வண்டியோட்டத் தேயிலைச் செடிகளுக்கிடையே நின்று வேடிக்கை பார்த்த லயத்துப் பிள்ளைகளின் பேரர்கள், இன்று தாமே ஓட்ட வேண்டுமென்று ஆசை கொள்கின்றனர். எமக்கு இதிலே மகிழ்ச்சியே. பயம் இல்லையென்று சொல்ல மாட்டோம்.

எம் தமக்கையாரின் மகனுக்கும் அவ்வாசை உண்டு. அவனிடம் இருப்பது எண்ணூறு சீ.சீ. மாருதி ஆல்ட்டோ. தமக்கையார் முப்பதாண்டு கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதியும், மகன் பட்ட கடனும் சேர்ந்து வாங்கிய வண்டி அது. 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இலே மீண்டும் அனுமதிக்கப்படும் வரையில், பழைய சிறுவண்டிகள் பொன்விலை விற்றதை வாசகர் அறிவர். தமக்கையாரை மாதந்தோறும் நுவரெலியா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்வதும் அவ்வண்டியே.

ஒரு மாலை அவன் கைத்தொலைபேசியிலே ஒரு படத்தைக் காட்டினான்.

"மாமா, இந்த அலோய் ரிம்மைப் பாருங்கள். பதினைந்து அங்குலம். பந்தயத்தில் ஓடிய டயரோடு சேர்த்தே தருகிறார்களாம். இருக்கிற சில்லு நான்கையும் விற்றுவிட்டால் பாதிப் பணம் வந்துவிடும்."

"மாப்பிள்ளை, மழை நாளிலே அம்மாவை எந்த டயரில் கிளினிக்குக்குக் கொண்டு போவாய்?" என்று கேட்டோம்.

அவன் பதில் சொல்லவில்லை. ஆசையைக் கெடுப்பது எம் நோக்கமன்று. கல்லூரியிலே பௌதிகம் கற்பிப்பவர் ஆதலின், காகிதமும் பென்சிலுமாக அவனோடு இரண்டு இரவுகள் அமர்ந்தோம். அதன் பயனை இங்கே தருகிறோம். எம் மருமகனைப் போன்ற பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கக்கூடும்.

முதலில் ஒன்று. ஓடும் வண்டிக்கும் பூமிக்கும் உள்ள உறவு முழுவதும் நான்கு சிறு ரப்பர்த் திட்டுகளிலே அடங்கியது. ஆளோடு சேர்ந்து எண்ணூறு கிலோ எடையுள்ள வண்டியின் ஒரு சில்லு சுமப்பது சராசரியாக இருநூறு கிலோ. உள்ளே சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அமுக்கத்தில் காற்று இருக்குமானால், நிலத்திலே படியும் பரப்பு ஏறத்தாழ 15 சதுர அங்குலம். ஓர் உள்ளங்கை அளவென்று கொள்க. அகன்ற டயர் பூட்டினால் இப்பரப்பு பெருகிவிடும் என்று இளைஞர் எண்ணுகின்றனர். அமுக்கம் மாறாதிருந்தால் பரப்பு பெரிதும் மாறுவதில்லை. நீண்ட திட்டு குறுகி அகன்ற திட்டாகிறது, அவ்வளவே. வளைவிலே அவ்வடிவம் நன்மை தருவது உண்மைதான். ஆனால் பிடிப்பை ஆள்வது முதலாவதாக ரப்பரின் தன்மை. அகலம் அதற்குப் பின்னரே.

அடுத்து அளவு. டயரின் பக்கச் சுவரிலே 145/80 ஆர் 12 என்று எழுதியிருக்கும். அகலம் 145 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 80. ரிம்மின் விட்டம் 12 அங்குலம். ஆல்ட்டோவுக்குரிய இந்த டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 537 மில்லிமீற்றர். மருமகன் காட்டிய பதினைந்தங்குல ரிம்மிலே இருந்தது 195/50 டயர். அதன் விட்டம் 576. சில்லு பெரிதாகும்போது, அதே எஞ்சின் நிலத்திலே தரும் உந்துவிசை அந்த விகிதத்திலே குறைகிறது. இங்கே குறைவது நூற்றுக்கு ஏழு.

இதனோடு மலையையும் கணக்கிலே சேர்க்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. காற்றின் அடர்த்தி அங்கே கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ அந்தப் பங்கு வலுவை முன்னரே இழந்துதான் பந்தயக் கோட்டிலே நிற்கிறது. ஏற்கெனவே மூச்சு வாங்குகிற எண்ணூறு சீ.சீ. எஞ்சினுக்குப் பெரிய சில்லையும் பூட்டி மலையேற்றுவது, கிழவர் தலையிலே கொழுந்து மூட்டையை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

சிறிய சில்லைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. 1959இலே வெளிவந்த மினி கார் பத்தங்குலச் சில்லிலே ஓடியது. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் உள்ளே ஆட்களுக்கு இடம் வேண்டுமென்பதற்காகவே சில்லைச் சுருக்கினார். அந்தச் சிறு சில்லோடுதான் மினி கூப்பர் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளிலே மொன்ரே கார்லோ நெடும்பந்தயத்தை வென்றது. பனி படிந்த அல்ப்ஸ் மலைப் பாதைகளிலே பெரிய எஞ்சின் வண்டிகள் தடுமாற, அது முந்திச் சென்றது. இந்தக் கதையைச் சொன்னபோது மருமகன் முகம் சற்றே மலர்ந்தது.

மலையேற்றத்துக்கு உரிய டயர் எது என்பதிலேதான் பலர் ஏமாறுகின்றனர். சென்னைக்கு அருகேயுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலே வண்டிகள் வெயிலில் சுற்றுச் சுற்றாக ஓடுகின்றன. டயர் நன்றாகச் சூடேறிய பின்னரே தன் முழுப் பிடிப்பையும் தருமாறு அமைந்த பந்தய ரப்பர் அங்கே பொருந்தும். எம் மலையிலே நிலைமை வேறு. ஓர் ஓட்டம் சில நிமிடங்களிலே முடிந்துவிடும். காலைப் பனி கலையாத குளிர். டயர் சூடேறுமுன்னரே முடிவுக்கோடு வந்துவிடுகிறது. சுற்றோட்டத்தில் பாதி தேய்ந்து கெட்டிப்பட்ட பந்தய டயரை மலிவு விலைக்கு வாங்கி இங்கே பூட்டுகிறவன், கல்லைப் பூட்டியவன் ஆகிறான். மேலும் சித்திரையிலே பிற்பகல் இடிமழை எமக்குப் புதிதன்று. தவாளிப்பு இல்லாத வழுக்கை டயர் ஈரத் தாரிலே நீரை விலக்க வழியின்றி அதன்மேல் மிதக்கும். ஆதலின் இங்கே வேண்டுவது குளிரிலும் பிடிக்கின்ற மென்மையான ரப்பரும், நீர் ஓடத் தவாளிப்பும் உள்ள டயர். சில டயர்களிலே தேய்வெண் பொறித்திருப்பார்கள். அவ்வெண் சிறிதாயின் ரப்பர் விரைவிலே தேயும். பெரும்பாலும் பிடிப்பும் அதிகம். 400 என்று இருப்பது நெடுநாள் உழைக்கும் வீட்டு டயர். 200 என்பது பந்தயத்துக்குச் செல்லும் தெரு டயர்.

தயாரித்த காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கச் சுவரிலே நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தவாளிப்பு எவ்வளவு ஆழமாயினும், வயது போன ரப்பர் இறுகிவிடுகிறது. மருமகன் காட்டிய படத்தை விரித்துப் பார்த்தோம். அந்த இலக்கம் இருந்த இடத்தைப் படம் எடுத்தவர் கவனமாகத் தவிர்த்திருந்தார்.

ரப்பர் என்று சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1876இலே பிரேசில் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து கம்பகாவின் ஹெனரத்கொடைப் பூங்காவுக்கு வந்தன. அங்கிருந்து பெருகிய மரம் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கமெல்லாம் தோட்டமாயிற்று. 1952இலே சீனத்தோடு செய்த ஒப்பந்தத்தால் அந்த ரப்பரே அரிசியாகி எம் நாட்டுக்குத் திரும்பியது. கந்தப்பளைக் குளிரிலே அம்மரம் வளராது. மேலே தேயிலை, கீழே ரப்பர் என்று எம்மவர் இரண்டிலும் உழைத்தனர். பால் வெட்டிய கைகளுக்கு உரியவர் டயரைப் பற்றி அறிந்துகொள்ளக் கூசவேண்டியதில்லை.

இனி ரிம். பளபளப்புக்குக் கொடுக்கும் பணம் வளைவிலே உதவாது. இலேசான ரிம் உண்மையிலே நல்லது. சுழலும் திணிவு குறைந்தால் வண்டி விரைவாக வேகம் பிடிக்கும், குழியிலே சில்லு நிலத்தை விட்டு எழுவதும் குறையும். ஆனால் அலோய் எல்லாம் இலேசன்று. பெரிய மலிவு ரிம் சிறிய இரும்பு ரிம்மைவிடப் பாரமாயிருத்தலும் உண்டு. ஜப்பானியத் தரத்தைக் குறிக்கும் ஜே.டபிள்யூ.எல். முத்திரை உண்டா, வெடிப்பு உண்டா என்று பார்த்தல் வேண்டும். நான்கு போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் ஆல்ட்டோவிலே 114.3 மில்லிமீற்றர். நூறு மில்லிமீற்றர் வட்டத்து ரிம்மைத் துளை பெருப்பித்துப் பூட்டித் தருகிறோம் என்பாரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். சில்லு மட்கார்டுக்கு வெளியே துருத்தி நின்றால் பார்வைக்கு அழகு. பெயரிங்கிற்கோ கேடு, ஸ்டீயரிங்கும் கையை இழுக்கும்.

காற்றமுக்கத்திலே மலை ஒரு வேடிக்கை செய்கிறது. கொழும்பிலே 30 இறாத்தல் காற்றடித்து நுவரெலியா வந்தால், வெளிக்காற்றின் அமுக்கம் இங்கே 3 இறாத்தல் அளவு குறைவாதலின் மானி 33 காட்ட வேண்டும். ஆனால் 30 பாகை வெப்பத்திலே அடைத்த காற்று 15 பாகைக் குளிரிலே 2 இறாத்தலுக்கு மேல் இழந்துவிடுகிறது. முடிவிலே மானி 31ஐ ஒட்டி நிற்கும். இதை மாணவர்க்குக் கணக்காகக் கொடுத்தோம், வகுப்பு விழித்துக்கொண்டது. பந்தயத்துக்குச் சரியான அமுக்கத்தை அறிய எம் தொழிற் கருவியே போதும். டயரின் ஓரத்திலே வெண்கட்டியால் கோடிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு பக்கச் சுவர் வரையில் அழிந்தால் காற்றுக் குறைவு. ஓரம் தொடாமலே நின்றால் காற்று அதிகம். முன்சில்லுகளையே எஞ்சின் இழுக்கும் இவ்வகை வண்டியிலே, ஏற்றத்தில் பாரம் பின்னே சாய்வதால் முன் டயர்கள் வேண்டிய வேளையிலேயே பிடிப்பை இழக்கின்றன. ஆகையால் முன் இரண்டுக்கும் தனிக் கவனம் வேண்டும்.

2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்திலே கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் நடுவே பாய்ந்தது. ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் மாண்டனர். அதற்கு டயர் காரணமென்று நாம் கூற வரவில்லை. தடத்தை விட்டு விலகும் வண்டி ஓட்டுபவனோடு மட்டும் நிற்பதில்லை என்பதை அவனுக்குச் சொன்னோம். அன்று அவன் கைத்தொலைபேசியை எடுக்கவே இல்லை.

தீர்மானம் இவ்வாறு முடிந்தது. பழைய சில்லு நான்கும் விற்கப்பட மாட்டா. பந்தயத்துக்கு வேறொரு தொகுதி. 165/60 ஆர் 12 டயரை முதலில் விரும்பினோம். விட்டம் 503 ஆதலின் மலையிலே நூற்றுக்கு ஏழு உந்துவிசை கூடும். அதற்கு வேண்டிய ஐந்தங்குல அகல ரிம், பொருந்தும் துளையோடு எங்கும் அகப்படவில்லை. ஆகவே பழைய உதிரிப்பாகக் கடையிலே பதின்மூன்றங்குல இரும்பு ரிம் நான்கு வாங்கப்பட்டன. அவற்றுக்குப் புதிய, மென்மையான 155/65 டயர். விட்டம் பழையதற்கு ஐந்து மில்லிமீற்றரே குறைவு. மிஞ்சிய பணத்துக்குப் பிரேக் பேட்டும் பிரேக் எண்ணெயும் மாற்றினான். ரிம்முக்குத் தன் கையாலேயே கறுப்பு வர்ணம் பூசினான்.

அச்சில்லுகள் இப்போது தமக்கையார் வீட்டு விறகுக் கொட்டிலிலே வெயில் படாமல் சாக்கு மூடிக் கிடக்கின்றன. விறகு வைக்க இடமில்லை என்று தமக்கையார் எம்மைத்தான் கடிந்துகொள்கிறார்.