அண்ணாவியாரின் ஏடு

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, முக்கூடலில் எமது பங்குமனைக்கு ஒரு மாணவி வந்தார். பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை பயில்பவர். பீடி சுற்றி மகளைப் படிக்கவைக்கும் தாயின் பிள்ளை. “சாமி, கிரேக்க நாடகம் முதல் ஷேக்ஸ்பியர், இப்சன், பிரெக்ட் வரை படித்துவிட்டேன். எங்கள் பாட்டி விடிய விடியப் பார்த்த பாஸ்காவைப் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறேன். அந்த ஊரில் தாங்கள் இருந்தீர்களாமே, அண்ணாவியாரின் ஏடு எங்கே கிடைக்கும்?” என்று கேட்டார்.

நாம் மௌனமானோம். விடை எமக்குத் தெரியும்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் அவ்வூரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். தவக்காலத் தொடக்கத்தில் அண்ணாவியார் ஏட்டைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். மத்தளமும் தாளமும் முழங்க, மக்கள் சூழ்ந்திருந்து இரவெல்லாம் காணும் ஆட்டம் அது. எமக்கோ அது பாமரக் கூத்தாகப் பட்டது. திரை கட்டி, இரண்டு மணி நேரத்தில் முடியும் நாடகத்தை நாமே எழுதி அரங்கேற்றினோம். “சாமி சொன்னாச் சரிதான்” என்று அவர் ஏட்டை மறுபடி பொதிந்துகொண்டு போனார். சில ஆண்டுகளில் அவர் இறந்தார். ஏட்டைக் கரையான் தின்றது.

அந்தக் கண்ணை எமக்குத் தந்தது யார்? ஆங்கிலேயர் காலக் கல்வி, அங்கமும் களமுமாய் அச்சேறியதே நாடகம் என்று நமக்குக் கற்பித்தது. 1891இல் வெளிவந்த ‘மனோன்மணீயம்’ லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையைத் தழுவியது. நடிப்பதைவிடப் படிப்பதற்கே ஏற்றது. அதன் ஆசிரியர் சுந்தரனாரின் தமிழ் நமக்குப் பெருமையே. 1990இல் நெல்லையில் எழுந்த பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்குவதும் தகும். ஆனால், பொருநைக் கரையிலேயே பிறந்த ‘முக்கூடற்பள்ளு’, பள்ளனும் இரு மனைவியரும் பண்ணைக்காரனும் பேசிப் பாடும் நாடகத்தன்மை கொண்டதாயினும், வகுப்பறையில் பெரும்பாலும் சிற்றிலக்கியப் பாடமாகவே அடங்கிவிட்டது.

இதை உணர்ந்து திரும்பியோரும் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தை மாணவரிடம் கொண்டு சென்றார். மன்னார்க் கத்தோலிக்க நாடக ஏடுகளையும் பதிப்பித்தார். 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறை தமிழ் நவீன நாடகத்துக்குப் புது வழி திறந்தது. அதே 1977இல் கென்யாவில் கூகி வா தியாங்கோ தம் ஊர் மக்களோடு தாய்மொழியில் நாடகம் நிகழ்த்தியதற்காகச் சிறை புகுந்தார்.

எனினும் பழையன யாவும் பொன் அல்ல. பள்ளனைத் தொழுவில் மாட்டும் காட்சி அந்தப் பள்ளிலேயே உள்ளது. அந்நிய நுகத்தை இறக்கிவிட்டு உள்ளூர் நுகத்தைப் பூட்டிக்கொள்வது விடுதலை ஆகாது. கூத்தைப் பாடமாக்கும் பல்கலைக்கழகம், யார் ஆடினார், யார் அமர்ந்து பார்த்தார், யார் வெளியே நிறுத்தப்பட்டார் என்றும் கேட்க வேண்டும். ஷேக்ஸ்பியரை விரட்ட வேண்டியதில்லை. அவர் அருகே அண்ணாவியாருக்கும் ஆசிரியர் நாற்காலி இட வேண்டும்.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மக்களின் பண்பாட்டுக் கொடைகளைத் திருச்சபை மதித்துப் பேணும் என்று வழிபாடு பற்றிய கொள்கை விளக்கத்தில் கூறிற்று. குருமடத்தில் அதை நாம் மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதினோம். அண்ணாவியார் வாசலில் வந்து நின்றபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

இதையெல்லாம் அம்மாணவியிடம் ஒளிக்காமல் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. “பாட்டிக்குச் சில பாட்டுகள் நினைவிருக்கின்றன, சாமி” என்றார். மறுவாரம் இருவரும் பாட்டியின் திண்ணையில் அமர்ந்தோம். பல்லில்லாத வாய் மரியன்னையின் புலம்பலைப் பாடத் தொடங்கியது. மாணவி எழுதினார். நாம் தாளம் போட்டோம், அதுவும் தவறாக. பாட்டி நிறுத்தி, எம் கையைப் பிடித்துத் திருத்தினார்.